வயிற்றில் மிதக்கும் கடற்பாசி மருந்தை எப்போது குடிக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 52 வயது. இரவில் படுத்தால் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வருகின்றன. மருத்துவர் ஆல்ஜினேட் சிரப் கொடுத்தார். கடற்பாசியிலிருந்து எடுப்பது, வயிற்றில் மிதக்கும் என்றார். காலையில் தைராய்டு மாத்திரையோடு குடிக்கிறேன். பலன் இல்லை. அந்தக் கூழ் வயிற்றிலேயே தங்கிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. எனக்கு ரத்த அழுத்தமும் உண்டு.

பதில்: மருந்தில் குறையில்லை, குடிக்கும் நேரம்தான் தவறு.

ஆல்ஜினேட் என்பது பழுப்புக் கடற்பாசிகளில் உள்ள இயற்கைப் பாலிமர் (சங்கிலி போல நீண்ட மூலக்கூறு). ராமநாதபுரம் கடலோரத்தில் கட்டக்கோரை என்று எடுக்கிறார்களே, அதிலும் இது உண்டு. வயிற்று அமிலம் பட்டதும் ஆல்ஜினேட் கூழாக இறுகும். சிரப்பில் உள்ள சோடியம் பைகார்பனேட் அதே அமிலத்தில் கரியமில வாயுவை வெளிவிடும். குமிழ்கள் சிக்கிக்கொள்வதால் கூழ் லேசாகி, பாலின் மேல் ஆடை போல உணவின் மேல் படரும். சாப்பிட்டபின் உணவோடு கலக்காத அமிலம் உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தருகே தேங்கும்; உங்கள் நெஞ்சை எரிப்பது அதுதான். கூழ் படர்ந்து தடுப்பதும் அதே இடத்தில்தான்.

மிதப்பதற்குக் கீழே உணவு வேண்டும். வெறும் வயிற்றில் குடித்தால் கூழ் சீக்கிரமே குடலுக்கு இறங்கிவிடும். ஆகவே இரவு உணவுக்குப் பிறகும், படுக்கும் முன்பும் குடியுங்கள். குடித்த உடனே தண்ணீர் வேண்டாம்.

தங்கிவிடும் என்ற பயம் தேவையில்லை. சில மணி நேரத்தில் உணவோடு இறங்கி, செரிக்காமல் மலத்தில் போய்விடும். மிதக்கும் இந்தக் குணத்தை வைத்தே ஆல்ஜினேட், கொத்தவரை விதைப் பிசின் போன்றவற்றால் வயிற்றில் சில மணி நேரம் தங்கி மெதுவாக மருந்தை விடும் மாத்திரைகளையும் உருவாக்குகிறார்கள். சிறுகுடலின் மேல்பகுதியில் மட்டும் நன்கு உறிஞ்சப்படும் மருந்துகளுக்கு இது பெரிய உதவி. அத்தகைய மாத்திரை உங்களுக்கு எழுதப்பட்டால் உடைக்காமல், பொடிக்காமல் முழுதாக விழுங்குங்கள்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடுங்கள். பல சிரப்களில் கால்சியம் இருக்கிறது. அது தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்சினைச் சரியாக உறிஞ்சவிடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். சோடியமும் கவனிக்க வேண்டியது: சில வகைகளில் 10 மில்லியில் 100 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால், பாட்டிலை மருத்துவரிடம் காட்டி அளவைக் கேளுங்கள்.

விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், காரணமின்றி எடை குறைதல் இருந்தால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சு வலியோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ வந்தால் சிரப்பைத் தேடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.