வீட்டிலேயே கண்ணாடி மணி செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா? சூளை இல்லாமல் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆனால் சூளை வரும்வரை, செய்த மணியை யாருக்கும் அணியக் கொடுக்காதீர்கள்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கராஜின் ஒரு மூலைதான் என் பட்டறை. முதல் வருஷம் சூளை இல்லை. தங்கை மகள் பிறந்தநாளுக்கு நீல மணி ஒன்று செய்து நூலில் கோத்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, இரவில் கழற்றி மேசைமேல் வைத்த மணி காலையில் இரண்டாகக் கிடந்தது. யாரும் தொடவே இல்லை. குழந்தை கழுத்தில் இருக்கும்போது உடைந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

மணியின் மேல்பக்கம் முதலில் ஆறி இறுகிவிடும், உள்ளே சூடு இருக்கும். உள்பக்கம் பின்னால் சுருங்கும்போது இரண்டுக்கும் இழுபறி. அந்த இழுவிசை மணிக்குள்ளேயே தங்கிவிடும், என்றைக்காவது பிளக்கும். சூளையில் 520 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொஞ்ச நேரம் வைத்து மெதுவாக இறக்கினால்தான் அது தளரும். வெர்மிகுலைட் என்ற, சூட்டை மெல்ல விடும் கனிமத் துகளில் புதைத்து வைப்பது உடனே வெடிக்காமல் காப்பாற்றும், அவ்வளவுதான். அது சூளைக்கு ஈடாகாது.

2023-இல் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சூளையை நடுவில் அணையவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. அப்போது பழகியது இது: செய்யும் நாளில் வெர்மிகுலைட்டில் ஆற விடுவேன், கரண்ட் நிச்சயமாக இருக்கும் இரவில் சேர்த்து வைத்த மணிகளை மொத்தமாகச் சூளையில் அடுக்கி, குளிர்ந்த நிலையிலிருந்து மெல்லச் சூடேற்றுவேன். சூளை வாங்கப் பணம் சேரும்வரை நீங்களும் மணிகளை இப்படிச் சேர்த்து வைக்கலாம்.

கை வேலைக்கு வருவோம். களிமண் பூச்சுக் கொடுத்து நன்றாகக் காயவைத்த ஸ்டீல் கம்பி ஒரு கையில், கண்ணாடிக் கோல் மறு கையில். கோலின் நுனியை கேஸ் டார்ச் தீயின் ஓரத்தில் காட்டிக் காட்டி எடுங்கள். ஒரேயடியாக நுழைத்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். நுனி அதிரசப் பாகு பதத்துக்கு வந்து உருண்டு தொங்கும்போது, சூடான கம்பியில் தொட்டு, கம்பியைச் சுற்றுங்கள். கோல் கை நகரக் கூடாது, கம்பிதான் சுழல வேண்டும். நிறுத்தினால் மணி ஒரு பக்கம் சாயும். துளையின் இரு முனையும் உள்வாங்கிக் குழிந்திருக்க வேண்டும். கூராக நின்றால் நூலை அறுத்துவிடும். இது மட்டும் கைக்கு வர எனக்கு நாலு மாதம் ஆனது.

பழைய பாட்டிலை உருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரே பாட்டிலின் கண்ணாடி மட்டும் என்றால் சரி. சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதைச் சொல்வது விரிவு எண். இத்தாலியிலிருந்து வரும் எஃபெட்ரே என்ற வகைக் கோல்களுக்கு அது 104, சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக்கு 33. விரிவு ஒத்துப்போகாத கண்ணாடிகளை ஒரே மணியில் சேர்த்தால் எந்தச் சூளையும் காப்பாற்றாது.

மணியை உருக்கி மணி செய்வது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. லிம்போபோ மாகாணத்தில், மாபுங்குப்வே என்ற பழைய தலைநகர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கே2 என்ற இடத்தில், ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன், கடல் வழியே வந்த சிறு மணிகளை உருக்கிக் களிமண் அச்சில் பெரிய மணிகளாக வார்த்திருக்கிறார்கள். அதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பணம் குறைவு என்றால் கலர் கோல்களைக் குறையுங்கள். கண்ணில் போடும் டிடிமியம் மூக்குக்கண்ணாடியை விட்டுவிடாதீர்கள். சூடாகும் கண்ணாடியிலிருந்து எழும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை அது மறைத்தால்தான் தீக்குள் மணியே தெரியும். கேஸ் சிலிண்டர் வெளியே, காற்றை இழுத்து வெளியேற்றும் மின்விசிறி ஒன்று, உடம்பில் பருத்தித் துணி. ஆறிய மணியைக் கம்பியிலிருந்து கழற்றித் துளையைத் தேய்க்கும்போது தண்ணீருக்குள் வைத்தே தேயுங்கள், அந்தப் பூச்சின் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது.

கறுப்புக் கோல் ஒன்று மட்டும் வாங்கித் தொடங்கினாலும் போதும். நான் ஆயாவுக்குக் கருகமணி செய்ய அதைத்தான் வாங்கினேன். மெல்லிய இழையாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அது கறுப்பே இல்லை, அடர்ந்த ஊதா.