மாத்திரை மலிவுதான், டெஸ்ட்டைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மதுரையில் சாப்பாடு டெலிவரி வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு வாரம் தூக்கமே இல்லை. ஓயாத பேச்சு, கடன் வாங்கி இரண்டு செல்போன் வாங்கிவிட்டான். தனியார் மனநல மருத்துவர் பார்த்துவிட்டு பைபோலார் (அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) என்றார். லித்தியம் மாத்திரை எழுதி, தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை எடுத்து வரச் சொன்னார். எங்களிடம் மருத்துவக் காப்பீடு இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. மாத்திரையை இப்போதே தொடங்கிவிட்டு, கையில் காசு வந்ததும் டெஸ்ட் எடுத்தால் என்ன? - ஓர் அக்கா, மதுரை.

பதில்: வேண்டாம் சகோதரி. அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

முதலில் காப்பீட்டுக் கவலையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நம் ஊர் காப்பீட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் முக்கியமாக உள்நோயாளிகளுக்கானதுதான். மாதா மாதம் வாங்கும் மாத்திரைக்கும் அவ்வப்போது எடுக்கும் டெஸ்ட்டுக்கும் பாலிசி வைத்திருப்பவர்களே பெரும்பாலும் கைக்காசைத்தான் போடுகிறார்கள். உங்கள் தம்பிக்கான வழி வேறு: பெரியாஸ்பத்திரி.

அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரமே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். தனியார் மருத்துவர் எழுதிய சீட்டையும், ஆறு மாதத்துக்குள் எடுத்த ரத்த ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), தைராய்டு (டி.எஸ்.ஹெச்.), சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவைதான் லித்தியத்துக்கு முன் பார்க்க வேண்டியவை. குடும்பத்தில் இதய நோய் இருந்தால் ஒரு ஈ.சி.ஜி.யும் எடுப்பார்கள். அங்கே இவற்றுக்குத் தனியார் லேப் பில் வராது. தம்பி இன்னும் தூங்காமல் படபடப்பாக இருந்தால் நாளைக்கென்று வைக்காதீர்கள், இன்றே கூட்டிப் போங்கள். ரிப்போர்ட் வரும்வரை அவரைச் சாந்தப்படுத்த வேறு மருந்துகள் இருக்கின்றன. எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

டெஸ்ட்டில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தோன்றும். மனநோய்க்கு 1949-லிருந்தே புழங்கும் மருந்து இது. யார் கையிலும் காப்புரிமை இல்லாததால் விலை குறைவு. ஆனால் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி சின்னது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் சாதாரணமாகப் போதும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. உடம்பிலிருந்து அதை வெளியேற்றுவது கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரகம்தான். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது. மருந்துக்கடை அண்ணன் சீட்டு இல்லாமலே தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.

தொடங்கி ஐந்து முதல் ஏழு நாளில் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டுச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு எடுக்கணும். காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான். வெளி லேபில் எடுக்கிறீர்கள் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். பச்சை மூடிக் குழாய் சிலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் பூசியிருக்கும். அதில் ரத்தம் பிடித்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். 'லித்தியம் டெஸ்ட்டுக்கு' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பியின் வேலையை நினைத்தால் எனக்கு டெஸ்ட்டைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மதுரை வெயிலில் நாள் முழுக்க பைக். வியர்வையில் உப்பும் நீரும் போனால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அளவு ஏறிவிடும். வண்டியில் தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும். உப்பு போட்ட மோர் நல்லது. சாப்பாட்டில் திடீரென்று உப்பைக் குறைக்க வேண்டாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அப்புறம் உடம்பு வலி. முதுகு வலிக்கிறது என்று கடையில் நின்றால் மூன்று நான்கு மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார்களே, அது இனி கூடவே கூடாது. அதற்குள் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். எல்லாமே லித்தியம் அளவை ஏற்றிவிடும். அளவோடு பாராசிட்டமால் போடலாம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் இப்படிச் செய்யும், அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் லித்தியம் போடுகிறேன் என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் தாகம், அடிக்கடி சிறுநீர், லேசான கை நடுக்கம், குமட்டல் வரலாம். அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். ஆனால் கை படபடவென்று ஆடுவது, நாக்குக் குழறல், குடித்தவர்போல் தள்ளாட்டம், நிற்காத வாந்தி இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் மாத்திரை அட்டையோடு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அரசு மருத்துவமனையில் ஒரு மாதம் லித்தியம் இல்லை என்றால் நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் நோய் வேகமாகத் திரும்பும். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். வெளியே வாங்கினாலும் ஒரு மாத மாத்திரை பெரும்பாலும் அவருடைய ஒருநாள் வருமானத்துக்குள் அடங்கும். சாதா மாத்திரையும் எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளிவிடும்) மாத்திரையும் ஒன்றல்ல, கடைக்காரர் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். மாத்திரை அட்டை உங்கள் கையிலேயே இருக்கட்டும். உற்சாகம் இறங்கியபின் மனச்சோர்வு வரலாம். அந்த நேரத்தில் மொத்த மாத்திரையும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

சரி, வேலை. முதல் சில வாரம் இரவு டெலிவரி வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்சென்டிவ் இரவில்தான் அதிகம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாத்திரை பிடிக்க ஒன்றிரண்டு வாரமாகும், அதற்குள் தூக்கம் கெட்டால் போன மாதம் பட்டபாடு மறுபடியும் வந்துவிடும்.