நான்கு மாதத்துக்கு வரும் கோ-ஆப் மாணவருக்கு என்ன வேலை கொடுப்பது?

கேள்வி: நாங்கள் நடுத்தர அளவிலான கட்டுமான நிறுவனம் நடத்துகிறோம், சிறிய வடிவமைப்புப் பிரிவும் உண்டு. படிப்பின் நடுவே ஒரு பருவம் முழுவதும் ஊதியத்துடன் வேலை பார்க்கும் கோ-ஆப் மாணவர்களை எடுத்துக்கொள்ளும்படி ஒரு பல்கலைக்கழகம் கேட்கிறது. வேலையைக் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் அவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று எங்கள் சைட் இன்ஜினியர்கள் தயங்குகிறார்கள். எடுக்கலாமா? எடுத்தால் சிவில் மாணவரையா, கட்டடக்கலை மாணவரையா?

பதில்: தாராளமாக எடுக்கலாம். உங்கள் இன்ஜினியர்களின் தயக்கமும் நியாயமானதே. மாணவரை முதலில் சேர்த்துவிட்டு அவருக்கான வேலையைப் பிறகு தேடும் நிறுவனங்களில், முதல் மாதம் பழைய கோப்புகளை அடுக்குவதிலும் இரண்டாம் மாதம் யாருடைய பின்னாலாவது நடப்பதிலும் கழிந்துவிடும். அங்கே நான்கு மாதம் போதவே போதாது. வேலையை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் அதே நான்கு மாதம் தாராளமாகப் போதும்.

ஆகவே பல்கலைக்கழகத்துக்குப் பதில் எழுதும் முன் உங்கள் பணி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மாணவர் வரும் பருவத்தில் அஸ்திவாரமும் தூண்களும் எழும்பிக்கொண்டிருக்கும் என்றால் உங்களுக்குத் தேவை சிவில் மாணவர். அனுமதிக்கான வரைபடங்களும், கதவு ஜன்னல் பட்டியல்களும், வாடிக்கையாளர் கேட்ட திருத்தங்களும் குவியும் பருவம் என்றால் கட்டடக்கலை மாணவர். ஒப்பந்தப்புள்ளிகள் வரிசையாக வரும் காலமானால், வரைபடத்திலிருந்து அளவெடுத்துக் கணக்கிடும் பொறுமை உள்ள எவரும் சரி. கடுங்குளிரிலோ மழையிலோ தளப்பணி நின்றுவிடும் மாதங்களுக்குத் தளத்தில் வேலை என்று சொல்லி ஆள் எடுக்காதீர்கள்.

மாணவர் படிப்பின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதையும் கேட்டறிய வேண்டும். முதலாண்டு முடித்தவர் வரைபடம் படிப்பார், நில அளவையில் உதவுவார். கான்கிரீட் வடிவமைப்பும் மண் இயக்கவியலும் படித்து முடித்தவரிடம்தான் கம்பி விவரங்களைச் சரிபார்க்கச் சொல்ல முடியும். முந்தையவரிடம் பிந்தைய வேலையைக் கொடுத்துவிட்டு, கல்லூரி ஒன்றும் சொல்லித்தரவில்லை என்று குறைபடுவது முறையல்ல.

கொடுக்கும் வேலைக்குத் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும். என் அனுபவத்தில் சிவில் மாணவருக்கு மிகப் பொருத்தமானது கான்கிரீட் பதிவேடு. கான்கிரீட் லாரி வந்ததும், கலவையின் இளக்கத்தை அளக்க உதவும் 300 மி.மீ. உயரமுள்ள ஸ்லம்ப் கூம்பை அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் 25 முறை கம்பியால் குத்தி, கூம்பைத் தூக்கி, எவ்வளவு சரிந்தது என்று அளக்க வேண்டும். அந்தக் கலவை எந்தத் தூணுக்கு, எந்த மட்டத்துக்குப் போனது, லாரியின் சீட்டு எண் என்ன, வலிமைச் சோதனைக்காக அதிலிருந்து வார்த்தெடுத்த க்யூப்களின் (கனசதுரக் கட்டிகளின்) அடையாளம் என்ன என்பதை உடனுக்குடன் எழுத வேண்டும். சோதனையை ஆய்வகத்தார் செய்தாலும் இந்தப் பதிவு உங்களிடம் இருந்தாக வேண்டும். க்யூபின் வலிமை 7 நாளிலும் 28 நாளிலும் தெரியும் என்பதால், முதல் மாதம் வார்த்ததன் முடிவை மாணவர் தம் பருவத்துக்குள்ளேயே பார்த்துவிடுவார். ஒரு முடிவு குறைவாக வந்தால் அந்தக் கான்கிரீட் எங்கே இருக்கிறது என்று அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இதைப் பயிற்சிக்காகத் தரும் பொம்மை வேலை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டடக்கலை மாணவரிடமும் இதே போல ஒரு தளத்தின் கதவு ஜன்னல் பட்டியலை முழுப் பொறுப்பாகக் கொடுத்து, வரைபடத்துடனும் தளத்தில் விட்டிருக்கும் திறப்பளவுடனும் ஒப்பிட்டு முடிக்கச் சொல்லலாம். ஆனால் அவரை மாதத்தில் சில நாட்களாவது தளத்துக்கு அனுப்புங்கள். திரையில் மட்டுமே சுவரைப் பார்த்தவருக்கு அதன் தடிமன் என்னவென்று உறைப்பதில்லை.

தேர்வு செய்யும்போது மதிப்பெண் பட்டியலைவிட ஒரு வரைபடம் அதிகம் சொல்லும். ஒரு ஃபுட்டிங்கின் (தூணைத் தாங்கும் அடித்தளத்தின்) வரைபடத்தையும் அதன் கம்பிப் பட்டியலையும் மேசையில் வையுங்கள். வரைபடத்தில் 12 மி.மீ. கம்பிகள் 150 மி.மீ. இடைவெளியிலும், பட்டியலில் 200 மி.மீ. இடைவெளியிலும் இருக்கட்டும். முரண்பாட்டைக் கண்டவுடன் தாமே ஒன்றைச் சரியென்று தீர்மானித்துக் கணக்குப் போடுபவரைவிட, ‘இதில் எதைப் பின்பற்ற வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்?’ என்று கேட்பவரை எடுங்கள். தளத்தில் பெருஞ்செலவு வைப்பது கேட்காமல் எடுத்த முடிவுகளே.

பாதுகாப்பில் எள்ளளவும் தளர்வு கூடாது. டொராண்டோவில் உள்ள பணி மற்றும் நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகளின்படி, புதிய வேலையில் முதல் மாதத்தில் இருப்பவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு, அதே வேலையில் ஓராண்டுக்கு மேல் இருப்பவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஹெல்மெட்டையும் காலணியையும் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கினால் கடமை முடிந்துவிடாது. பள்ளத்தின் விளிம்பு, தூக்குக் கருவியின் சுழல் எல்லை, லாரி பின்னோக்கி வரும் பாதை, மூடப்படாத தளத் திறப்புகள் ஆகியவற்றை முதல் நாளே ஒருவர் உடன் நடந்து காட்ட வேண்டும். மாணவரைத் தனியாக எந்த ஆய்வுக்கும் அனுப்பக் கூடாது. அவர் செய்த கணக்கு எதுவும் உரிமம் பெற்ற பொறியாளரின் சரிபார்ப்பு இல்லாமல் தளத்துக்குப் போகக் கூடாது.

இதற்கெல்லாம் பெயர் குறிப்பிட்ட ஒரு மேற்பார்வையாளர் தேவை. ‘எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளலாம்’ என்றால் யாரிடமும் கேட்க முடியாது என்றுதான் பொருள். அவருடைய அன்றாட வேலையில் அரை மணி நேரத்தையாவது மாணவருக்கென்று ஒதுக்கி, அதைத் திட்டத்திலும் காட்டிவிடுங்கள். ஏற்கெனவே சுமை மிகுந்த இன்ஜினியரின் தலையில் இதையும் கட்டினால் அவர் தயங்கியது போலவே நடந்துவிடும். ஊதியம், காப்பீடு, மதிப்பீட்டுப் படிவம் ஆகியவற்றை வேலை தொடங்கும் முன்பே பல்கலைக்கழகத்துடன் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பருவம் தொடங்குவதற்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுத்தால்தான் நல்ல மாணவர்கள் கிடைப்பார்கள்.

வேலை பாதியில் அறுந்துபோகும் என்ற அச்சத்துக்கு, கோ-ஆப் முறை தோன்றிய காலத்திலேயே வழி கண்டிருந்தார்கள். 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் இதைத் தொடங்கியபோது, மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில் இருக்குமாறு மாற்றி மாற்றி அனுப்பினார். வேலையிடம் ஒருநாளும் காலியாகவில்லை. நீங்களும் அடுத்தடுத்த இரண்டு பருவங்களுக்குச் சேர்த்தே திட்டமிடுங்கள். கிளம்புபவர் கடைசி வாரத்தில் முடிந்தவை, முடியாதவை, யாரிடம் எது நிலுவையில் இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கட்டும். பருவ இடைவெளி இடங்கொடுத்தால் அடுத்தவரை ஓரிரு நாள் முன்னதாக வரவழைத்து அருகில் உட்கார வையுங்கள். நன்றாக வேலை செய்தவரிடம், அடுத்த வேலைப் பருவத்தில் திரும்பி வருவாரா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். வந்தால் அவருக்கு அளவுக் கணக்கீட்டையோ கம்பி விவரச் சரிபார்ப்பையோ கொடுக்கலாம், ஊதியத்தையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும்.