கேளுங்க சொல்றோம்: மிதக்குற ரயிலு

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், திருமங்கலம்): அண்ணே, ஜப்பான்ல ஒரு ரயிலு தரையைத் தொடாம மணிக்கு 603 கிலோமீட்டர்ல போச்சுன்னு யூடியூப்ல காட்டுறாய்ங்க. வெறும் காந்தம் அம்புட்டு வெயிட்டைத் தூக்குமா? கரெண்டு போனா தொப்புன்னு விழுந்துறாதா?

பதில்: நெசந்தான் தம்பி, 2015 ஏப்ரல்ல யமனாஷி சோதனைப் பாதைல ஓட்டுனது அது. ஆனா தூக்குறது பெருசில்ல, தூக்குனதை அங்கனயே நிப்பாட்டுறதுதான் பெரும்பாடு. பழைய ஸ்பீக்கர்ல கழட்டுன வட்டக் காந்தம் ரெண்டை ஒரே துருவம் பாக்குற மாதிரி மேல வச்சு விட்டுப் பாரு, ஒரு நொடி தள்ளும், அப்புறம் வழுக்கிக் குப்புறத் திரும்பி டப்புன்னு ஒட்டிக்கிரும் (விரலு ஜாக்கிரதை). நடுவுல பென்சில் சொருகுனாத்தான் மிதக்கும். நிரந்தரக் காந்தத்தை மட்டும் வச்சு ஒண்ணை ஆடாம மிதக்க விட முடியாதுன்னு 1842லயே எர்ன்ஷாங்கிற இங்கிலாந்துக்காரர் கணக்குப் போட்டுக் காட்டிட்டாரு.

அந்தப் பென்சில் வேலையை ஷாங்காய்ல ஓடுற ரயில்ல சென்சார் பாக்குது. ஜெர்மன் முறை அது. ரயிலோட அடிப்பாகம் பாதை ஓரத்தை வளைச்சுப் பிடிச்சு கீழ போயிருக்கும், அங்க உள்ள மின்காந்தம் தனக்கு மேல பாதைல இருக்குற இரும்பைப் பாத்து இழுக்க ரயிலு எந்திரிச்சுக்கும், நெருங்குனா கரெண்டைக் குறைச்சு விலகுனா கூட்டி நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சரி பண்ணிக்கிட்டே போகுது, இடைவெளி என்னமோ 1 சென்டிமீட்டர்தான்.

ஜப்பான்காரன் வழி வேற. நியோபியம்-டைட்டானியம்ங்கிற உலோகக் கலவைக் கம்பிச்சுருளை திரவ ஹீலியத்துல மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வச்சா தடையே இல்லாம கரெண்டு சுத்திக்கிட்டே கெடக்கும். அந்தக் காந்தத்தோட ரயிலு வேகமாப் போகயில ரெண்டு பக்கச் சுவர்ல உள்ள காயில்ல தானா கரெண்டு உண்டாகி 10 சென்டிமீட்டர் தூக்கிருது. வேகம் இல்லாட்டி தூக்காது, அதனால சுமார் 150 கிலோமீட்டர் வேகம் வர்ற வரைக்கும் ரப்பர் டயர்லதான் உருளும். கரெண்டு போனாலும் ஓடுற வேகமே தாங்கிரும், வேகம் குறைஞ்சதும் டயர்ல எறங்கிரும். ஷாங்காய் ரயில்ல அதுக்கு பேட்டரி இருக்கு.

கேள்வி (வாசகி, மேலூர்): வைகை எக்ஸ்பிரஸ்ல சென்னை போக ஏழு மணி நேரத்துக்கு மேல ஆகுது. இந்த ரயிலை நம்ம தண்டவாளத்துல விட்டா என்ன சார்?

பதில்: விட முடியாதும்மா. இதுக்கு இன்ஜினே ரயில்ல இல்ல, பாதைலதான் இருக்கு. கிரைண்டர் மோட்டாருக்குள்ள சுத்தி வர காயில் இருக்குல்ல, அதை ஒரு பக்கம் வெட்டி நீளமா விரிச்சு ஊரு ஊராப் போட்டா அதான் பாதை, காந்தப்புலம் முன்னால ஓட ஓட ரயிலும் கூடவே ஓடும். அப்படின்னா மதுரைலருந்து எழும்பூர் வரைக்கும் 490 கிலோமீட்டருக்கு மேல மோட்டார் பதிக்கணும், சட்டுன்னு திரும்புற வளைவும் ஆகாது. டோக்கியோ-நகோயா 286 கிலோமீட்டர் பாதைல 86 சதவீதம் சுரங்கமாத்தான் போட்டுக்கிட்டு இருக்காய்ங்க, ஷாங்காய்லயே மொத்தம் 30 கிலோமீட்டர்தான். என்னையக் கேட்டா அந்தக் காசுக்கு இருக்குற ரயில்ல நாலு அன்ரிசர்வ் பெட்டி கூட்டி விட்டாலே கும்பிடுவேன்.

கேள்வி (வாசகர், உசிலம்பட்டி): செயினை இழுத்தா நிக்குமா?

பதில்: 500ல போறது பிரேக் போட்டாலும் பல கிலோமீட்டர் தாண்டித்தான் நிக்கும். மோட்டாரை எதிர்ப்பக்கமா வேலை செய்ய விட்டுத்தான் நிப்பாட்டுவாய்ங்க, ஜப்பான் ரயில்ல அவசரத்துக்கு கூரைலருந்து பலகை எந்திரிச்சு காத்தை மறிக்கும். நீங்க செல்லம்பட்டில எறங்கணும்னா உசிலம்பட்டி தாண்டி நடந்து வரணும்ணே.