தாத்தாவின் புல்லட்டை வெட்டலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27, கரூரில் வேலை பார்க்கிறேன். தாத்தா 1974-இல் புதிதாக வாங்கிய புல்லட் 350 எங்களிடம் இருக்கிறது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான், அதுவும் காலாவதி. இரண்டு வருடமாக வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வருகிறேன். டேங்குக்கும் ஃபிரேமுக்கும் மேட் கறுப்பு அடித்து, உயரமான ஹேண்டில்பாரும் குட்டை சைலன்சரும் போட்டாகிவிட்டது, பின் மட்கார்டைப் பாதி வெட்டியாகிவிட்டது. அடுத்து பின் ஃபிரேமை வெட்டி ஒற்றை சீட் 'பாபர்' ஆக்கி, 500 சிசி இன்ஜினும் மாட்டித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். பழைய இன்ஜினை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வாராம். 40,000 அட்வான்ஸ் கொடுத்து வண்டியையும் பட்டறையில் விட்டிருக்கிறேன். போன மாதம் சைலன்சருக்காகப் போலீஸ் சலான் போட்டார்கள். அத்தையோ "எங்கப்பா வண்டிய வெட்டுனா கேஸ் போடுவேன்" என்கிறார். இதைச் சட்டப்படி செய்ய வழி உண்டா? விண்டேஜ் நம்பர் வாங்கினால் போலீஸ் தொல்லை இருக்காது என்கிறார்களே? பழைய ஹெட்லைட், கிளட்ச் பிளேட்டில் விளக்கு, கடிகாரம் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன், அதில் ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: தம்பி, முதலில் பட்டறைக்கு ஒரு போன் போட்டு, ஃபிரேமில் கை வைக்க வேண்டாம், இன்ஜினை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பிவிடுங்கள், நாளைக்குத் தேவைப்படும்.

சொல்லிவிட்டீர்களா? சரி, அத்தையிலிருந்து ஆரம்பிப்போம். நீங்கள் அவரைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவர்தான் முதலில் கண்ணில் படுகிறார். தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி (இருந்தால்), உங்கள் அப்பா, அத்தை எல்லோருக்கும் சமமாகப் போகும். மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. அப்பா உயிரோடு இருக்கும்போது பேரனுக்குப் பங்கு கிடையாது. அதாவது நீங்கள் இரண்டு வருடமாக ஆசை ஆசையாக வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வண்டியில் சட்டப்படி ஒரு நட்டு கூட உங்களுடையது இல்லை. அத்தை கேஸ் போடுவேன் என்பது கோபத்தில் சொன்ன வார்த்தையாக இருக்கலாம். ஆனால் போட்டால் நிற்கும்.

அதனால் முதல் வேலை பெயர் மாற்றம். தாசில்தார் ஆபீஸில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வண்டி உங்கள் பெயருக்குப் போவதில் ஆட்சேபணை இல்லை என்று மற்ற எல்லா வாரிசுகளும் எழுதிக் கொடுத்த கடிதம், இவற்றோடு படிவம் 31. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் இந்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ஆறு வருடம் ஓடிவிட்டது. அதற்காகக் கதவைச் சாத்திவிட மாட்டார்கள், தாமதத்துக்கு உரியதைக் கட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். அத்தையின் கையெழுத்து இல்லாமல் மட்டும் இது நகராது. அவரிடம் போகும்போது இன்ஸ்டாகிராம் போட்டோவைக் காட்டாதீர்கள்.

பெயர் மாறிய கையோடு படிவம் 25 போட்டு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து ஐந்து வருடமாகத்தான் கொடுப்பார்கள், பசுமை வரியும் சேரும். தாத்தா காலத்துப் புத்தக ஆர்.சி. என்றால் அது போக்குவரத்துத் துறையின் 'வாகன்' கணினியில் ஏறியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், ஏறவில்லை என்றால் பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் பேக்லாக் என்ட்ரி போட்ட பிறகுதான் மற்ற விண்ணப்பமெல்லாம். காலாவதியான ஆர்.சி.யோடு ஓட்டுவது பதிவே இல்லாத வண்டியை ஓட்டுவதற்குச் சமம், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 192-இன் கீழ் முதல் தடவைக்கே 5,000 வரை அபராதம். நம்ம தோட்டத்துக்குள் ஓட்டினால் யார் கேட்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பிரிவு 39 பொது இடம் என்பதோடு நிற்கவில்லை, 'வேறு எந்த இடத்திலும்' என்று சேர்த்தே சொல்கிறது.

புதுப்பிக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார். உங்கள் விஷயம் முடிவாகப்போகும் இடம் அதுதான். குனிந்து உட்கார்ந்து, கிரீஸ் படிந்த இடத்தைத் துணியால் துடைத்து, ஃபிரேமில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் அடித்த எண், மேலே நீங்கள் இரண்டு கோட் கறுப்பு வேறு அடித்திருக்கிறீர்கள். எண் மங்கலாக வந்தாலே கேள்வி கிளம்பும். பெயின்ட் எடுக்கிறேன் என்று பட்டறையில் யாராவது அந்த இடத்தில் கிரைண்டர் ஓட்டியிருந்தால், தாத்தாவின் வண்டி என்று நிரூபிப்பதே உங்களுக்குப் பெரும்பாடாகிவிடும். இன்றைக்கே போய் அந்த இடத்தைப் பாருங்கள். பெயின்ட் ரிமூவர் தடவித் துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் கூட வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்வது இதுதான்: ஆர்.சி.யில் இருக்கும் விவரம், தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. முன்பெல்லாம் ஆர்.டி.ஓ.விடம் சொல்லிவிட்டுச் செய்தால் போதும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடியது. மாநில விதி அனுமதித்தாலும் பிரிவு 52-ஐ மீற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே வருடம் சட்டத்திருத்தத்தில் 182ஏ என்று புதிதாக ஒரு பிரிவும் வந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த 5,000 வண்டிக்கு இல்லை, ஒவ்வொரு மாற்றத்துக்கும். உங்கள் பட்டியலை வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு, ஸ்பானரால் கழற்றி மாட்டுவது வரை பேசிப் பார்க்கலாம், கேஸ் கட்டரும் வெல்டிங்கும் வந்துவிட்டால் பேச்சே இல்லை. இது சட்டப் புத்தகத்தில் இருக்கும் வரி இல்லை, இதற்கு விலக்கும் உண்டு. ஆனாலும் பத்துக்கு எட்டுத் தடவை சரியாக வரும்.

நிறம் மாற்றியது பெரிய பாவம் இல்லை. ஆர்.சி.யில் நிறம் எழுதியிருப்பதால் விண்ணப்பம் கொடுத்து அதையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஹேண்டில்பார் இரண்டும் கெட்டான். வண்டியின் கட்டமைப்பு மாறவில்லை என்று நான் வாதாடுவேன், ஆனால் பிரேக் கேபிள் இழுத்துக்கொண்டு நின்றாலோ கண்ணாடி வைக்க இடமில்லாமல் போனாலோ என் வாதம் அங்கேயே படுத்துவிடும். பழைய ஹேண்டில்பார் வீட்டில்தானே கிடக்கும், மாட்டிக்கொண்டு போங்கள்.

சைலன்சர், ஸ்பானரில் கழன்றாலும் குற்றம்தான், நான் சொன்ன விலக்கு இதுதான். பிரிவு 190(2)-இல் சத்தத்துக்கும் புகைக்கும் முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகலாம். வந்த சலானை இழுத்தடிக்காமல் கட்டி முடியுங்கள். கட்டிவிட்டதால் அந்தக் குட்டை சைலன்சர் செல்லுபடியாகிவிடாது, அடுத்த வாரம் அடுத்த சிக்னலில் இன்னொரு சலான் போடலாம். கம்பெனி மாடல் சைலன்சரை மாட்டி, பில்லையும் போட்டோவையும் வைத்துக்கொள்ளுங்கள். புல்லட்டின் அந்தத் தடதடப்பு கம்பெனி சைலன்சரிலேயே இருக்கிறதே, அதற்கு மேல் எதற்கு?

பின் மட்கார்டில்தான் நீங்கள் தெரியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123 இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு, மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் சேலை கார்டு என்போமே, அதுதான். மட்கார்டை வெட்டும்போது அதையும் சேர்த்துக் கழற்றியிருப்பீர்கள். முந்தானை சக்கரத்தில் சிக்கி இழுத்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சமும் இரக்கம் கிடையாது. முழு மட்கார்டு போடுங்கள்.

ஒற்றை சீட்டும் ஃபிரேம் வெட்டும் சேர்ந்து ஒரே பதில்: முடியாது. இருவர் உட்காரும் வண்டி என்று பதிவானது ஒருவர் வண்டியாகிறது, ஃபிரேமே மாறுகிறது, பிரிவு 52 தடுப்பது இதைத்தான். எந்த ஆர்.டி.ஓ.வும் இதற்கு அனுமதி எழுதித் தர முடியாது. "நான் பேசிக்கிறேன் தம்பி" என்று பட்டறைக்காரர் சொன்னால், என்ன பேசுவார் என்று எழுதிக் கேளுங்கள்.

இன்ஜின் சமாச்சாரத்தில் எனக்குச் சந்தேகமே வேறு. 350 என்று பதிவான வண்டியில் 500 சிசி வைத்தால் சிசியும் மாறும், இன்ஜின் நம்பரும் மாறும், ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது ஒருபுறம் இருக்க, அந்த 500 இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது? பில் உண்டா? திருட்டு வண்டியிலிருந்து கழற்றியது என்று பின்னால் தெரிந்தால், திருட்டுப் பொருளை வாங்கியதாக, இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-இல் உங்களையும் விசாரிப்பார்கள். அதோடு, சேஸிஸும் இன்ஜினும் ஆர்.சி.யோடு பொருந்தும் ஐம்பது வருடத்து வார்ப்பிரும்பு இன்ஜினை அவர் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் பாருங்கள். அவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை தம்பி, வியாபாரம் செய்கிறார்.

இதே இடத்தில்தான் விண்டேஜ் நம்பரும் வருகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு இதற்கென்று தனி விதிகள் போட்டது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், உங்கள் வண்டி தாண்டிவிட்டது. ஆனால் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது. பாபர் ஆக்கிய அன்றைக்கே அந்தத் தகுதி போய்விடும், திரும்ப வராது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும், நம்பரில் மாநில எழுத்துக்குப் பிறகு விஏ என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டிகள் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், தாத்தாவின் மூன்றெழுத்து நம்பரை இழக்க வேண்டியதில்லை. இதிலும் உங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. விண்டேஜ் என்று பதிந்த வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, அவ்வளவுதான். தினமும் ஆபீஸுக்கு ஓட்டுவதாக இருந்தால் சாதாரணப் புதுப்பிப்பே போதும், விண்டேஜை மறந்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இந்த நிலையில் வண்டி யாரையாவது இடித்தால் நஷ்டஈட்டை உங்கள் குடும்பம் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும், வாரிசு என்ற முறையில் அத்தை பெயரையும் வழக்கில் சேர்ப்பார்கள். பாலிசி எடுக்கும்போது செய்த மாற்றங்களை மறைக்காதீர்கள். மறைத்தால் சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள். பதிவு செல்லாத வண்டிக்குச் சேதப் பணம் தர வேண்டியதில்லை என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

அட்வான்ஸ் 40,000-ஐத் திருப்பிக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது, ஏனென்றால் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. சட்டம் தடுக்கும் வேலைக்கான ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-இன்படி செல்லாது. ஃபிரேமை வெட்டிய பிறகு "சரியாக வெட்டவில்லை" என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், நீங்களே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இதுவரை செய்த பெயின்ட் வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள், அதற்காக வண்டியைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை உண்டு. செய்யாத வேலைக்காகப் பிடித்துவைக்க உரிமை கிடையாது. தரமாட்டேன் என்றால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஜிபே ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள்.

பாபர்தான் வேண்டும் என்ற ஆசை விடவில்லை என்றால், சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள். சீட் குஷன், டேங்க் ஓவியம், தோல் பை, கிரிப், கிக்கர் ரப்பர், டேங்க் பட்டை, இவற்றில் கை வைக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. கழற்றியதையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.

விளக்கு, கடிகாரம் விற்பதில் பயப்பட ஒன்றுமில்லை. பழைய ஹெட்லைட்டில் கம்பெனி அடித்த பெயர் அப்படியே இருந்தால், அது நீங்கள் முறையாக வாங்கிய பொருள்தான். ஆனாலும் பொருளையே உருமாற்றி விற்கும்போது கம்பெனி ஆட்சேபிக்க டிரேட்மார்க் சட்டம் பிரிவு 30 இடம் வைத்திருக்கிறது, அதனால் 'பழைய உதிரிபாகத்தில் கையால் செய்தது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை' என்று பதிவிலேயே எழுதிவிடுங்கள். தகரப் பெட்டியிலும் டம்ளரிலும் நீங்களாகவே கம்பெனி லோகோவை வரைந்து விற்பது வேறு கதை, அது பிரிவு 29-இல் வரும், போலி முத்திரை என்று வழக்கானால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. உங்கள் சொந்த வண்டி டேங்கில் வரைந்துகொள்வது வியாபாரம் இல்லை, அதை விட்டுவிடலாம்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவரும்போது டெம்போவில் ஏற்றி வாருங்கள், ஓட்டி வராதீர்கள். இன்ஜின் கூடவே வருகிறதா என்று பார்த்து நம்பரை போட்டோ எடுங்கள். அந்த இன்ஜினைக் கடிகாரமாக்கப்போகிறேன் என்று மட்டும் அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.