இணையம் நின்றபோது வகுப்பில் என்ன செய்வது? பயிற்சி ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அம்மா, கற்பித்தல் பயிற்சிக்குப் போன முதல் வாரத்திலேயே தலைகுனிந்து நின்றேன். மின்சுற்றுப் பாடம். படக்காட்சி, இணையத்தில் சுற்றை அமைத்துப் பார்க்கும் ஒரு மாதிரிச் சோதனை, கடைசியில் வினாடி வினா என்று மூன்று இரவு உட்கார்ந்து தயாரித்திருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் இணையம் நின்றது. பின்வரிசையில் மேற்பார்வையாளர். எனக்கு வாயே எழவில்லை. இனி இந்தக் கருவிகளைத் தொடவே கூடாது என்று தோன்றுகிறது. (பயிற்சி ஆசிரியை ஒருவர்)

பதில்: தொடுங்கள் அம்மா. மூன்று இரவு உட்கார்ந்த உழைப்பை ஓர் அறுந்த இணைப்புக்காக வீசிவிட வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என்னென்ன தயாரித்தீர்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். மாணவர்களிடம் என்ன கேட்க நினைத்தீர்கள் என்று ஒரு வரி கூட இல்லை. கையில் ஒரு நல்ல கேள்வி இருந்திருந்தால், திரை இருண்ட பிறகும் உங்களுக்குப் பேச்சு வந்திருக்கும்.

இந்தப் பாடத்துக்கு நான் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் கேள்வி இது. ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடர் இணைப்பு. எந்தப் பல்பு அதிகமாக ஒளிரும்? கரும்பலகையில் படம் போட அரை நிமிடம் போதும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கூட்டம் “முதல் பல்புதான்” என்று சொல்லும். காரணம் கேட்டால், “மின்னோட்டத்தை முதல் பல்பு கொஞ்சம் தின்றுவிடும், மிச்சம்தான் இரண்டாவதற்குப் போகும்” என்பார்கள். உடனே திருத்தாதீர்கள். மின்கலத்தின் குறியை அழித்து, முனைகளை மாற்றி வரையுங்கள். “இப்போது எது முதல் பல்பு?” என்று கேளுங்கள். பல்பு இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ‘முதல்’ மட்டும் இடம் மாறிவிட்டது! வகுப்பில் ஒரு கணம் சத்தம் அடங்கும். அந்தக் கணத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருந்தேன்.

திரை இதற்குப் பிறகு வரட்டும். நீங்கள் பயன்படுத்தியது ஃபெட் (PhET) என்ற தளத்தின் மாதிரிச் சோதனையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. அதன் மின்சுற்றுப் பகுதியில் எலக்ட்ரான்கள் நீல நிற மணிகளாகக் கம்பிக்குள் ஊர்ந்து போகும். முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசிப் பல்புக்குப் பின்னால் என்று எங்கே பார்த்தாலும் மணிகள் ஒரே வேகத்தில்தான் நகரும். ஒளியும் இரண்டிலும் ஒரே அளவு. கேள்விக்குத் தன் பதிலை நோட்டில் எழுதிவிட்ட மாணவன் இதைப் பார்க்கும் பார்வை வேறு. எழுதாதவனுக்கு அது வெறும் நீல மணி.

ஃபெட் சோதனைகளை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். கணிதத்துக்கான ஜியோஜீப்ராவையும் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். முக்கியமான மூன்று நான்கு காட்சிகளைத் திரையிலிருந்து படமாகப் பிடித்து வைத்திருங்கள். வகுப்புக்கு முந்தைய மாலை, இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு, பாடத்தை ஒருமுறை முழுக்க நடத்திப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கே ஒரு சாக்பீஸ் வரைபடம் தேவைப்படுகிறது.

கேள்வி: வகுப்பில் கஹூட் என்ற இணைய வினாடி வினா நடத்தினால் மாணவர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். எல்லோரும் சரியாகவே விடை சொல்கிறார்கள். அடுத்த வாரம் தாளில் அதே கணக்கைக் கொடுத்தால் பாதிப் பேருக்கு வரவில்லை. எங்கே தவறு ஐயா, அம்மா யாராக இருந்தாலும் சொல்லுங்கள். (கணிதப் பயிற்சி ஆசிரியர்)

பதில்: அம்மாதான், தம்பி. நீங்கள் அனுப்பிய பத்துக் கேள்விகளையும் பார்த்தேன். அவற்றில் தவறான விடைகள் யாரும் நம்பாத விடைகளாக இருக்கின்றன. “0.3, 0.4, 0.5 - எது பெரியது?” என்று கேட்டிருக்கிறீர்கள். தசமம் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தையும் இதற்குச் சரியான விடையைத் தொட்டுவிடும்.

அதையே 0.3, 0.47, 0.125 என்று மாற்றிப் பாருங்கள். 0.125-ஐத் தொடும் குழந்தை, இலக்கம் அதிகமானால் எண் பெரிது என்று நினைக்கிறது. முழு எண்களில் அப்படித்தானே பழகியிருக்கிறது? 0.3-ஐத் தொடும் குழந்தை, நூறில், ஆயிரத்தில் பங்கு என்றாலே சின்னதுதான், ஆகவே இலக்கம் குறைந்ததே பெரியது என்று நினைக்கிறது. இரண்டும் வெவ்வேறு பிழை, இரண்டுக்கும் வெவ்வேறு மருந்து. ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு குழந்தையின் சிந்தனை இருக்க வேண்டும். இருபது கேள்வி அமைப்பதைவிட இப்படி மூன்று அமைப்பது கடினம். ஆனால் மறுநாள் எதைக் கற்பிக்க வேண்டும் என்று அந்த மூன்றே சொல்லிவிடும்.

இன்னொன்று. கஹூட்டில் சீக்கிரம் தொட்டவருக்கு மதிப்பெண் கூடும். யோசிப்பவர் பின்தங்குவார். நேரத்தை நீட்டவும், மதிப்பெண்ணே இல்லாமல் நடத்தவும் அதில் வழி இருக்கிறது. ஒரு முறை அப்படி நடத்துங்கள். துள்ளல் குறையும்தான், குறையட்டும். எந்த விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்ற பட்டை திரையில் வந்ததும் அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். “0.125 என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் எப்படி யோசித்திருப்பார்கள்?” என்று யார் பெயரையும் சொல்லாமல் கேளுங்கள். தவறு செய்த குழந்தையே கை தூக்கி விளக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாணவர் கையில் கருவி இல்லாத வகுப்பென்றால், ஆளுக்கு அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைச் சீட்டு கொடுங்கள். ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொன்னால் போதும்.

கேள்வி: பாடக்குறிப்பைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கினால் தவறா?

பதில்: உங்கள் வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் பையன் வாசிக்கத் திணறுகிறான் என்பது அதற்குத் தெரியாது. நேற்று எந்த உதாரணம் எடுபடவில்லை என்பதும் தெரியாது. அந்த இரண்டும் இல்லாத பாடக்குறிப்பு யாருடைய வகுப்புக்கும் பொருந்தும், அதனாலேயே உங்கள் வகுப்புக்குப் பொருந்தாது. குறிப்பை நீங்களே எழுதிவிட்டு, “இந்தப் பாடத்தில் மாணவர்கள் எங்கெல்லாம் தவறாகப் புரிந்துகொள்வார்கள்?” என்று அதனிடம் கேளுங்கள். அது தரும் பட்டியலை அப்படியே நம்பாமல் சரிபாருங்கள். உறுதியான குரலில் தவறு சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு.

கேள்வி: நான் பாடம் நடத்துவதைப் பதிவு செய்து பார்க்கச் சொல்கிறார்கள். என் குரலைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இது அவசியமா அம்மா?

பதில்: அவசியம். எனக்குக் கிடைத்த பாடங்களிலேயே கசப்பானது ஒரு பதிவிலிருந்துதான் கிடைத்தது. தொடுதிரை வெண்பலகை புதிதாக வந்த காலம். அதில் எழுதுவதும் இழுப்பதுமாக ஒரு வகுப்பு எடுத்தேன், மிக நன்றாகப் போனதாக நினைத்தேன். பதிவைப் போட்டுப் பார்த்தால், வகுப்பு முழுவதும் என் முதுகுதான் தெரிந்தது. நான் பலகையோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்குகிறாள், காத்திருக்கிறாள், மற்றக் கையால் முட்டுக் கொடுத்துக்கொள்கிறாள், பிறகு மெல்ல இறக்கிவிடுகிறாள். நான் திரும்பவே இல்லை. அவள் என்ன கேட்க வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1963-இல் டுவைட் ஆலன் குழுவினர் நுண்ணிலைக் கற்பித்தலைத் தொடங்கியதும் இதே நோக்கத்தோடுதான்: சில நிமிடப் பாடம், சிறிய குழு, ஒரே ஒரு திறன், பதிவைப் பார்த்துவிட்டு அதே பாடத்தை மீண்டும் நடத்துவது. இன்று அதற்கு ஒரு கைபேசி போதும். முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், உங்கள் கூச்சமும் கொஞ்சம் தணியும். கண்கள் எங்கே போகின்றன, கால்கள் எங்கே நிற்கின்றன என்று மட்டும் கவனியுங்கள்.

இரண்டாம் தடவை ஒலியோடு. கேள்வி கேட்டு முடித்த நொடியிலிருந்து, நீங்கள் மறுபடி வாய் திறக்கும்வரை எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு இதையே அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி, வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு ஒரு யுகம் போல இருக்கும். வாய்க்குள்ளேயே எண்ணிப் பழகுங்கள்.

பதிவில் மாணவர் முகம் விழுந்தால், பள்ளியின் அனுமதியும் பெற்றோரின் அனுமதியும் கேட்டுப் பெறுங்கள். பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள். தோழிகளின் குழுவில் பகிர வேண்டாம்.

கேள்வி: சிறு வகுப்பு மாணவர்களை இணையத் தளங்களில் கணக்குத் தொடங்கச் சொல்லலாமா?

பதில்: நீங்களாகச் சொல்லாதீர்கள். பல சேவைகள் 13 வயது நிரம்பாதவர்கள் தாமாகக் கணக்குத் தொடங்க இடம் தருவதில்லை. பள்ளி ஏற்பாடு செய்த கணக்கு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், கணக்கே கேட்காத கருவியைத் தேர்ந்தெடுத்து, முழுப் பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணைப் போடச் சொல்லுங்கள். எந்த எண் யாருடையது என்ற தாள் உங்கள் மேசை டிராயரில் இருக்கட்டும்.