சாக்பீஸ் பிடிக்கும்போது கை நடுங்குகிறது

கேள்வி: எனக்கு 44 வயது. மதுரைக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நாலு வருஷமாகத் தினமும் குடிக்கிறேன், குவார்ட்டர் இப்போது ஆஃப் ஆகிவிட்டது. காலையில் சாக்பீஸ் பிடிக்கும்போது கை லேசாக நடுங்கும். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் தொடமாட்டேன், கழற்றிய வாரமே பழைய கதை. நண்பர் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் குழு) மீட்டிங் போகச் சொல்கிறார். அங்கே என் மாணவனின் அப்பா இருந்தால்? எழுந்து பேசச் சொல்வார்களா? சர்ச் வளாகத்தில் நடக்கிறதாமே, மத விஷயமா? – பெயர் வேண்டாம்

பதில்: சார், மீட்டிங்கைப் பற்றி இத்தனை கேட்டிருக்கிறீர்கள், ஆனால் போகிற போக்கில் எழுதிய அந்த சாக்பீஸ் வரியிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. காலை நடுக்கம் என்றால் உடம்பு சரக்குக்குப் பழகிவிட்டது, ராத்திரி போட்டது இறங்க இறங்க அது தவிக்கிறது. இந்த நிலையில் வீம்பாக ஒரேயடியாக நிறுத்தினால் முதல் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் இடம் நேரம் தெரியாத பிதற்றல்கூட வரலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்பீர்கள். அதை நம்பாதீர்கள், நிறுத்தி நிறுத்தி மறுபடி தொடுகிறவர்களுக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வருவதுண்டு.

அதனால் முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. தினமும் எவ்வளவு என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள் (எல்லாரும் பாதிதான் சொல்வார்கள், டாக்டருக்கும் அது தெரியும்). சில நாளுக்கு மாத்திரை, பி1 வைட்டமின், தேவைப்பட்டால் வார்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஊரில் மீட்டிங் எங்கே, என்றைக்கு என்று அங்கேயே விசாரிக்கலாம். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்திலும் தேடலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.

உங்கள் மாலைக் கதையில் ஒரு விஷயத்தை நீங்களே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த 41 நாளும் உங்களைப் பிடித்து வைத்திருந்தது விரதம் மட்டும்தானா? குருசாமி இருந்தார், சாயங்காலம் பஜனை இருந்தது, பக்கத்தில் உட்கார அதே விரதத்தில் இருக்கிற நாலு சாமிகள் இருந்தார்கள். மாலையைக் கழற்றியதும் கூட்டம் கலைந்தது, நீங்கள் தனியாக ஆனீர்கள். ஏ.ஏ. என்பது ஏறக்குறைய கலையாத அந்தக் கூட்டம்தான். ஆனால் 41 என்ற கணக்கு கிடையாது, இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதுதான் பேச்சு. கடைசித் தேதி இருந்தால் மனசு அந்தத் தேதியையே எண்ணிக்கொண்டிருக்கும், கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டுமா!

ஏ.ஏ. ஆரம்பித்த விதமும் அப்படித்தான். 1935 மே மாதம் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், போன தொழில் காரியம் ஊற்றிக்கொண்ட நிலையில், பின்னால் ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார், குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கிறது, பக்கத்திலேயே பார். உள்ளே போகாமல் சர்ச்சுகளுக்கு ஒவ்வொன்றாக போன் போட்டு, தன்னைப் போல் அல்லாடும் ஒரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை டாக்டர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த ஜூன் 10-தான் ஏ.ஏ. தொடங்கிய நாள்.

மாணவனின் அப்பா விஷயம். 'குளோஸ்டு' மீட்டிங்கா என்று கேட்டுப் போங்கள், குடியை விட நினைப்பவர்கள் மட்டும் வருவது. அந்த அப்பா அங்கே இருந்தால் அவரும் அதற்காகத்தான் வந்திருப்பார், உங்களைப் பார்த்து அவருக்கும் வயிறு கலங்கும். 'ஓப்பன்' என்றால் யாரும் வரலாம். முழுப்பெயர், வேலை எதையும் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே கேட்டது உள்ளேயே இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சத்தியம்.

பேசுவது கட்டாயமில்லை, 'இன்னைக்குக் கேட்க வந்தேன்' என்றால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். கட்டணம் கிடையாது. செலவுக்கு உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும், புதியவர் போட வேண்டாம். சர்ச் வளாகம் என்பது இடம் கிடைப்பதற்காக, எந்த மதத்தோடும் அவர்களுக்குச் சம்பந்தமில்லை. பிரார்த்தனை உண்டு, கடவுள் என்ற சொல் அடிக்கடி வரும், அது அவரவர் புரிந்துகொண்ட கடவுள்தான். உங்களுக்கு ஐயப்பன் என்றால் ஐயப்பன்.

என் அத்தானை நான்தான் முதல் தடவை கூட்டிப்போனேன். கேட் வரை வந்தவர், சிகரெட் வாங்கி வருகிறேன் என்று போய் அப்படியே பஸ் ஏறிவிட்டார். அடுத்த வாரம் உள்ளே போனார், ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முட்டியை மடக்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார், வெளியே வந்து 'டீ பரவாயில்ல' என்றார், அவ்வளவுதான். மனசுவிட்டுப் பேச அவருக்கு ஏழெட்டு வாரம் ஆனது. ஒரு மீட்டிங்கில் ஒட்டவில்லை என்றால் இன்னொரு இடத்துக்குப் போய்ப் பாருங்கள், எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இருக்காது. ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால் அந்த வாரமும் போங்கள், திட்ட மாட்டார்கள்.

வீட்டம்மாவைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்காது சார். குடும்பத்தினருக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, டாக்டரிடம் போகிற அன்றைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அதைப் பற்றியும் அங்கே கேட்டு வந்துவிடலாம்.